9 கிலோ குறைந்தது, 11 கிலோ ஏறியது: தவறு உங்களுடையதா?

கேள்வி: எனக்கு வயது 37, உயரம் 160 செ.மீ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. போன வருடம் 74 கிலோ இருந்தேன். இணைய வழியில் நடந்த ஒரு 60 நாள் எடைக்குறைப்புத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். தானியமே கூடாது என்றார்கள். காலையில் உடலைச் சுத்தம் செய்யும் பானம், இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் ஷேக், இரவில் கொஞ்சம் காய்கறியும் முட்டையும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓட்டம், குதித்தல். 60 நாளில் 65 கிலோவுக்கு வந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். திட்டம் முடிந்து ஏழு மாதத்தில் 76 கிலோ ஆகிவிட்டது. முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. பயிற்சியாளரிடம் சொன்னால், "உங்களுக்கு மன உறுதி போதவில்லை, இரண்டாவது சுற்றில் சேருங்கள், இந்த முறை கொழுப்பைக் கரைக்கும் மாத்திரையும் உண்டு" என்கிறார். மறுபடி சேரலாமா? உண்மையில் எந்த டயட்தான் சரி? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் 13 வயது மகள் இப்போது "எனக்கும் ராத்திரி சாப்பாடு வேண்டாம்" என்கிறாள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சேர வேண்டாம். அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

டயட் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மருத்துவரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடும் பட்டினிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது தெரிந்த விஷயம்தான். ஆனால் அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். திட்டம் முடிந்து ஏழு மாதம் ஆன பிறகும் கொட்டுகிறது, கூடவே மூச்சு வாங்குகிறது, மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, சினைப்பையோடு தொடர்புடைய ஹார்மோன் மாற்றங்கள் என்று பல வாய்ப்புகள் உண்டு. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சு வாங்குவதால் இதயத்தையும் ஒருமுறை பரிசோதிப்பார்கள், தயங்க வேண்டாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுதல். சாப்பிட்ட பிறகு வலது மேல்வயிற்றில் வலி வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இனி உங்களை அதிகம் வருத்துகிற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். மன உறுதி. 60 நாள் அரைப்பட்டினி கிடந்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓடியவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்வது அநியாயம். நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தீர்கள். உங்கள் உடலும் அப்படி நடத்தப்பட்டால் எந்த உடலும் செய்வதைத்தான் செய்தது. குறைந்த அந்த 9 கிலோவில் என்னென்ன இருந்தது என்று பார்த்தால் இது புரியும்.

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரிடம் அது சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்தே தங்கியிருக்கும். தானியத்தை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி தீர்ந்து, அதோடு இருந்த நீரும் போய்விடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றும். குடலில் இருக்கும் உணவின் எடையும் குறையும். முதல் வாரத்தில் எடை பார்க்கும் இயந்திரம் காட்டுகிற இரண்டு மூன்று கிலோ இறக்கத்தில் பெரும்பகுதி இதுதான். மறுபடி வழக்கமாகச் சாப்பிட்டதும் இரண்டே நாளில் இது திரும்பிவிடும். "ஒருநாள் கட்டுப்பாட்டை மீறினேன், இரண்டு கிலோ ஏறிவிட்டது" என்று பலர் அழுவது இதைப் பார்த்துத்தான். அன்று ஏறியது கொழுப்பு இல்லை, முதல் வாரத்தில் இறங்கியதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை.

கொழுப்பு எவ்வளவு வேகத்தில் போகும் என்பதற்கு ஒரு சுமாரான கணக்கு உண்டு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. உங்கள் வயது, உயரம், எடை, வேலை இவற்றை வைத்துப் பார்த்தால் நாள் முழுவதற்கும் உங்கள் உடல் செலவிடுவது 1,900, 2,000 கலோரி அளவில் இருக்கும். ஒரே வாரத்தில் 3 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தாலும் எட்டாத எண் அது. "வாரத்துக்கு 3 கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்கள் நீரையும் தசையையும் கொழுப்பு என்று சொல்லி விற்கிறார்கள்.

தசை என்று சொன்னேன் அல்லவா, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். போதிய புரதமும் தசைக்கான பயிற்சியும் இல்லாமல் எடை குறைந்தால், குறைவதில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். உங்கள் திட்டத்தில் ஓட்டம் இருந்தது, எடை தூக்கும் பயிற்சி எதுவும் இல்லை. 9 கிலோவில் கொழுப்பும் கணிசமாகக் குறைந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தசையும் போயிருக்கும். திரும்பி வந்த 11 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் தசை தானாக வளர்வதில்லை. ஆகவே இன்றைய 76, பழைய 74-ஐவிட இரண்டு கிலோ மட்டும் கூடியது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் விகிதமே மாறியிருக்கிறது. இரண்டாவது சுற்றும் இதே மாதிரி போனால் அந்த விகிதம் இன்னும் கெடும். நான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பசி ஏன் அப்படி வெறி பிடித்தாற்போல் வந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுவாழ்வு உணவு கொடுப்பது என்று அறிவதற்கான ஆய்வு அது. அவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அதோடு எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, எப்போதும் குளிர்வது, எதிலும் ஆர்வமின்மை. பட்டினி முடிந்து வேண்டிய அளவு சாப்பிடக் கொடுத்தபோதும் பல வாரங்களுக்கு அவர்களால் வயிறு நிறைந்ததாகவே உணர முடியவில்லை. இழந்த தசை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிப் போனது. இரண்டு ஷேக், கொஞ்சம் காய்கறி, முட்டை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் சாப்பிட்டது 1,570-ஐவிட வெகு குறைவு. அந்த 36 பேரில் யாரும் மன உறுதி குறைந்தவர்கள் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிகக் குறைந்த கலோரி உணவு முறை மருத்துவத்திலும் இருக்கிறது. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி அளவில் திரவ உணவு கொடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே வந்திருந்தது. ஆனால் அங்கே மருந்துகளைக் கவனிக்க மருத்துவர் இருந்தார். வழக்கமான உணவுக்குச் சில வாரங்கள் எடுத்துப் படிப்படியாகத் திரும்பினார்கள். அதற்கப்புறமும் மாதந்தோறும் பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருந்தார்கள். உங்களுக்கோ 61-ஆம் நாள் என்ன சாப்பிடுவது என்று சொல்ல ஆளே இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

மாத்திரை விஷயத்தில் வரலாறு பயமுறுத்துவதாகவே இருக்கிறது. 1930-களில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளை எடை குறைக்கும் மருந்தாக விற்றார்கள். எடை உண்மையிலேயே குறைந்தது. கண்ணில் புரை விழுந்தது, உடல் சூடேறிச் சிலர் இறந்தே போனார்கள். 1938-ல் அமெரிக்க அரசு அது மனிதர்கள் உட்கொள்ளத் தகுதியற்றது என்று அறிவித்தது. ஆனாலும் இன்றுவரை இணையத்தில் கள்ளத்தனமாக விற்று உயிர்ப்பலி வாங்கிக்கொண்டிருக்கிறது. எஃபெட்ரா என்ற மூலிகைச் சரக்கைக் கொண்ட துணை உணவுகள் 2004-ல் அங்கே தடை செய்யப்பட்டன. சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் "முழுக்க இயற்கையானது" என்று எழுதிய எடைக்குறைப்புப் பொருட்களுக்குள் அதே சிபுட்ரமின் கலந்திருப்பதை ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. மூச்சு வாங்கும் நிலையில் இருக்கும் நீங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை விழுங்கக் கூடாது. இப்போது பலர் பேசும் எடைக்குறைப்பு ஊசி வேறு வகை. அது முறையாகச் சோதிக்கப்பட்ட மருந்து. அது உங்களுக்குத் தேவையா, பொருந்துமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், பயிற்சியாளர் இல்லை.

சுத்தம் செய்யும் பானத்தைப் பற்றி ஒரு வரி போதும். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்கின்றன, அவற்றுக்கு அந்தப் பானம் எந்த உதவியும் செய்வதில்லை.

எந்த டயட் சரி என்று கேட்டீர்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. வருட முடிவில் முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாவது குழு 6 கிலோவும் குறைந்திருந்தது. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வித்தியாசம் மிகப் பெரிது: ஒரே உணவு முறையில் சிலருக்கு 20 கிலோவுக்கு மேல் குறைந்தது, சிலருக்கு ஏறியது. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், முடிந்தவரை ஆலையில் பதப்படுத்தாத உணவை வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்.

அந்தக் கடைசி அறிவுரைக்கு வலுச்சேர்க்கும் இன்னொரு ஆய்வு 2019-ல் வந்தது. கெவின் ஹால் என்பவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் பெரும்பாலும் ஆலையில் தயாரான உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. அதனால் தானியமா, கொழுப்பா என்ற சண்டையை விட்டுவிடுங்கள். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவது உங்கள் நாளில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது நடைமுறைக்கு வருவோம். முதல் நான்கு வாரம் எடையைக் குறைக்கவே முயல வேண்டாம். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குப் பயமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி வரும் அந்தச் சுற்று உடைந்தால்தான் பசி ஒரு ஒழுங்குக்கு வரும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். தானியம் முடிந்தவரை அதிகம் தீட்டாததாக இருக்கட்டும், நார்ச்சத்துக்காக. உலக சுகாதார நிறுவனம் காய்கறி, பழம் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உப்பு 5 கிராமுக்குள், சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள். எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு கிராம் புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி. கைவாக்கில் ஊற்றும் எண்ணெய்தான் பல வீடுகளில் கணக்குக்கு வராமலே போகிறது.

புரதத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இன்று பயமும் வியாபாரமும் அதிகம் நடப்பது இதில்தான். ஆரோக்கியமான ஒருவருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது அடிப்படைக் கணக்கு. தசைப் பயிற்சி செய்கிறவர்கள், எடை குறைக்கிறவர்கள் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் போவதால் பெரிய பலன் இல்லை. உங்களுக்கு இப்போதைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 75 முதல் 90 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், சமைத்த பருப்பு வகை ஒரு கோப்பை நிறைய என்றால் 15 கிராம் அளவில், சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் 20-லிருந்து 30 கிராம். ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் கணக்கு சரியாகிவிடும். புரதப் பவுடர் விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் தெளிந்த நீரை வடிகட்டி உலர்த்திப் பொடியாக்கியதுதான் பலரும் வாங்கும் வே புரதம். சாப்பாட்டில் எட்டவில்லை என்றால் உதவும். எட்டிவிட்டால் செலவு மிச்சம்.

நான்கு வாரத்துக்குப் பிறகு, சோர்வு குறைந்திருந்தால், நாளுக்கு 300 முதல் 500 கலோரி மட்டும் குறைக்கலாம். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். சில வாரம் ஒன்றுமே நகராது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் சேர்ந்து ஏறவும் செய்யும்.

இங்கே உங்களிடமே நீங்கள் நேர்மையாக இருக்க வேண்டிய ஒரு இடம் வருகிறது. 1992-ல் ஒரு ஆய்வு வெளியானது. "1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை குறையவே மாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்களை எடுத்து, அவர்கள் உடல் உண்மையில் செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். உடலில் குறை எதுவும் இல்லை. அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. பிள்ளையின் தட்டில் மிஞ்சியது, சமைக்கும்போது ருசி பார்த்தது, கூட்டத்தின் நடுவே வந்த பானம் எல்லாம் நினைவில் தங்குவதில்லை. அதனால் ஒரே ஒரு வாரம், எதையும் மாற்றாமல், வாயில் போவதை எல்லாம் போகும்போதே எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். எங்கே 300 கலோரி ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே 60 நாள் கணக்குப் பார்த்துக் களைத்தவர். வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தால் அதுவே ஒரு நோயாகிவிடும்.

உடற்பயிற்சியை எடைக்குறைப்பு இயந்திரமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் எடைக்கு அரை மணி நேர நடையில் செலவாவது 100, 150 கலோரிதான். ஆனால் அதே நடை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தூக்கத்தையும் மனநிலையையும் சரிசெய்யும், எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நீங்கள் தசைப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, இழந்தது அதுதானே. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, எடையுள்ள பையை முழங்கை மடக்காமல் தரையிலிருந்து தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. சுலபமானதும் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் தசை வளராது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற எண்ணும் வேதவாக்கு இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியது அது. இப்போது 3,000 நடக்கிறீர்கள் என்றால் 5,000 ஆக்குவதே பெரிய முன்னேற்றம்.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் மேலே சொன்ன எதுவும் சரியாக வேலை செய்யாது. தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது. 2010-ல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அதே கலோரியில் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் கொழுப்பு குறைவாகவும் தசை அதிகமாகவும் போனது.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 13 வயது என்பது எலும்பும் உயரமும் கூடும் காலம். பெண் குழந்தைகளுக்கு இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது பருவம் அடைவதன் இயல்பான பகுதி, குறையில்லை. இந்த வயதில் டயட் இருப்பது உணவுக் கோளாறு நோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய முக்கியமான வாசல்களில் ஒன்று. அவளைத் திட்ட வேண்டாம், "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்" என்று சமாதானமும் சொல்ல வேண்டாம். அதுவும் எடையைப் பற்றிய பேச்சுதான். "இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று எப்போதிலிருந்து தோன்றுகிறது, பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தை அவள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் உடலை நீங்களே பழிப்பதை நிறுத்துங்கள், அவள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறாள். இரவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். உங்களுக்குத் தனித் தட்டு, தனி ஷேக் என்று இனி வேண்டாம். நீங்கள் 65 கிலோவுக்கு வந்தபோது எல்லாரும் பாராட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டை அவளும் கேட்டிருப்பாள். இப்போது முடி உதிர்வும் சோர்வுமாக என்ன ஆனது என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "அம்மா செய்தது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வேறு மாதிரி சாப்பிடப் போகிறேன்." சாப்பாட்டை ஒளிப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்விடுவது, எடை வேகமாக இறங்குவது, மயக்கம், வந்துகொண்டிருந்த மாதவிடாய் நிற்பது என்று எதைப் பார்த்தாலும் குழந்தை மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாத விஷயம் இது.

எவ்வளவு குறைய வேண்டும் என்று இலக்கு கேட்பீர்கள். அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. வாழ்க்கைமுறை மாற்றத்துக்கான குழுவுக்குக் கொடுத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உழைப்பும் மட்டுமே. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை எடுத்த குழுவில் 31 சதவீதம்தான் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோவுக்குச் சற்று அதிகம். அதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எட்டினால் போதும், ரத்தத்தில் அதன் பலன் தெரியும். எடையை வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை தொப்புள் உயரத்தில் இடுப்பைச் சுற்றி நாடாவால் அளந்து எழுதிவையுங்கள், 160 செ.மீ. உயரமுள்ள உங்களுக்கு அது மெல்ல 80 செ.மீ.க்குக் கீழே வருவதை நோக்கிப் போகட்டும். இரண்டு மாடி ஏறும்போது எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., எச்.பி.ஏ.1.சி. எண்களோடு எனக்கு எழுதுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். அதைத் தேநீர், காபி, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுக்காதீர்கள், உறிஞ்சப்படுவது குறையும். ஹீமோகுளோபின் ஏறும்வரை பயிற்சியை நடையோடும் நாற்காலியோடும் நிறுத்திக்கொள்ளலாம். தைராய்டில் குறை தெரிந்தால் மருந்து தொடங்கி அளவு சரியாவதற்கே சில வாரங்கள் ஆகும், அதற்கேற்ப மேலே சொன்ன நான்கு வாரத்தை நீட்டிக்கொள்வோம்.